பெயிண்டுக்கு அடியில் அம்புக்குறி

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் பம்பு தண்ணீரைத் தள்ளாது, வந்த வழியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, கண்ணால் பார்த்ததுமில்லை. நானாகவே முடிவு கட்டிக்கொண்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வராது. அந்த வாய்தான் என் அத்தானைக் கொன்றது. பேச்சுக்காக இப்படிச் சொல்லவில்லை, முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்துக் கொடுத்துவிடுவேன். அதைக் கொண்டுபோய் மாட்டுவது ஃபிட்டரின் வேலை. என் கை பட்ட மோட்டார் இரண்டாம் முறை எரிந்ததில்லை என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அக்காவைக் கட்டியவர் தண்ணீர் நிலையத்தில் பம்பு ஆபரேட்டர். ஊர் ஒரு குன்றின் சரிவில் ஏறிப் போகிறது. அடிவாரத்தில் கிணறும் பம்பு அறையும், உச்சியில் தொட்டி. வழியில் இருக்கிற தெருக்கள் குழாயிலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தொட்டிக்குப் போய்ச் சேர்வதுதான் மேட்டுத்தெருவுக்கு. காலை ஆறு மணிக்கு அத்தான் பம்பைப் போட்டால் எட்டு மணிக்குத் தொட்டி நிறைந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அது தவறியதில்லை.

அதிகம் பேசாத மனிதர். ஆனால் லாக் புத்தகத்தில் எதையும் விடமாட்டார். போட்ட நேரம், நிறைந்த நேரம், ஆம்பியர், குறிப்பு என்று நான்கு கட்டத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதுவார். "எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடிச்சாலும் தெரியாது, அந்த பம்பு ஒரு தும்மல் போட்டா தெரியும்" என்று அக்கா எங்கள் முன்னாலேயே குத்திக்காட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன் அந்த மோட்டார் எரிந்தது. ஃபிட்டர் வெளியூர் போயிருந்தான். சொந்தக்கார வேலைதானே என்று காயில் கட்டிய கையோடு மாட்டுவதற்கும் நானே போனேன். அங்கேதான் வினை. மூன்று கம்பியில் கரண்ட் வருகிற மோட்டாரில் எந்த இரண்டை மாற்றிக் கொடுத்தாலும் சுற்றும் திசை மாறிவிடும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கழற்றும்போது கம்பியில் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு என்று நூல் கட்டி அடையாளம் வைப்பதும் என் வழக்கம். ஆனால் பட்டறையில் பழைய கம்பிகளை வெட்டி எறிந்தபோது நூலும் அதோடு போய்விட்டது. போனால் போகிறது என்று கைக்கு வந்தபடி மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். பம்பின் தலையில் இருந்த சின்னக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பீறிட்டு என் சட்டையை நனைத்தது. தண்ணீர் வந்தால் திசை சரி. அவ்வளவுதான் என் கணக்கு.

மூன்று நாள் கழித்து அத்தான் லாக் புத்தகத்தோடு பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், மோட்டார் நல்லாத்தான் ஓடுது. சத்தம்தான் வேற மாதிரி இருக்கு."

"புது மோட்டார் மாதிரி கட்டிக் குடுத்திருக்கேன், புதுச் சத்தம் வராதா?"

"அப்படி இல்ல. முன்ன ஒரே சீரா இரையும். இப்ப உள்ளுக்குள்ள எதையோ அரைக்கிற மாதிரி இருக்கு. தொட்டியும் நிறைய மாட்டேங்குது." கொஞ்சம் தயங்கினார். "திசை கிசை மாறி சுத்துதோ?"

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேர் இருந்தால் என் வாய் நீளமாகிவிடும்.

"அத்தான், தண்ணி வருதா வரலையா?"

"வருது."

"தலைகீழா சுத்துனா தண்ணி எப்படி அத்தான் வரும்? கிணத்துக்குள்ளல்ல திரும்பிப் போவும்? நீங்க பம்ப ஓட்டுங்க, சுத்துற சங்கதிய என்கிட்ட விட்டுடுங்க."

நான்கு பேரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். "நீ சொன்னா சரிதான்" என்றார். பிறகு புத்தகத்தைப் பிரித்து, "எதுக்கும் இதுல ஒரு வரி எழுதிக் குடுத்துடு" என்று நீட்டினார். எழுந்து நான்கு தெரு நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே, "மோட்டார் சோதிக்கப்பட்டது, சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்ணெய்க் கறையோடு என் கட்டைவிரல் ரேகையும் அந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. கீழ்த்தெருக்களில் குறையில்லை. அடிவாரத்தில் ஒரு செடிப் பண்ணை இருக்கிறது. அதன் சொந்தக்காரரும் அத்தானும் ஓய்வு நேரத்தில் சதுரங்கம் ஆடுவார்கள். அந்தக் கோடையில் ஊரெல்லாம் வாடிக்கிடந்தபோது பண்ணை மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. அவர்களுக்குச் சொந்தக் கிணறு உண்டு. ஆனால் வெறும் வாய்க்கு அவல் கிடைத்தால் ஊர் கிணற்றையா எட்டிப் பார்க்கும்? பம்புக்காரன் வால்வைத் திருகி மேட்டுத்தெருத் தண்ணீரைப் பண்ணைக்கு விடுகிறான் என்று பேச்சு கிளம்பியது. மேட்டுத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள் மனு எழுதி முதல் கையெழுத்துப் போட்டாள். அவளோடு எழுபத்தாறு பேர்.

விசாரணைக்கு வந்தவர்கள் லாக் புத்தகத்தைக் கேட்டார்கள். அவர் ஒளிக்காமல் மறைக்காமல் எழுதி வைத்திருந்தார். போட்டது ஆறு மணி, பத்து மணி வரை ஓட்டியும் தொட்டி பாதி. அடுத்த நாளும் பாதி. அதையே அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் சரி என்று காயில்காரர் கையெழுத்து இருக்கிறது, பம்பு நான்கு மணி நேரம் ஓடியிருக்கிறது, அப்படியென்றால் தண்ணீர் எங்கே போனது? பொய் எழுதத் தெரிந்திருந்தால் தப்பித்திருப்பார்.

அந்த நாட்களில் ஒருமுறை அக்கா என்னைக் கேட்டாள். "நீ சொல்லுடா தம்பி. ஊரு சொல்றது கிடக்கட்டும். அவரு அப்படிச் செஞ்சிருப்பாரா?"

"எனக்கென்னக்கா தெரியும்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். என் மோட்டார் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை, அவர் மேல் வந்தது. நல்ல மனிதனும் சிநேகிதத்துக்காகச் சறுக்குவதுண்டு என்றுகூட மனதுக்குள் பெருந்தன்மையாக மன்னித்து வைத்திருந்தேன். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அத்தான் இதற்கெல்லாம் முன்பிருந்தே தினமும் நடக்க ஆரம்பித்திருந்தார். காலையில் பம்பைப் போட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு, குழாய் போகிற வழியாகவே குன்றில் ஏறுவார். இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். எங்கே கசிகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று ஒவ்வொரு மூட்டிலும் காதை வைத்துக் கேட்பார். மேலே போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார். குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டு இறங்குவார். யாரும் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. இருந்தால்தானே கொடுப்பார்கள் என்றும் சொல்லலாம். அறுபத்தொன்றாவது நாளோ என்னவோ, நூற்று நாற்பதாவது படியில் உட்கார்ந்தார். பகல் பதினோரு மணி. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். வேலைநீக்க உத்தரவு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாங்க அவர் இல்லை.

நான்கு நாள் ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் தண்ணீர் நிலைய மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த நாள் புது ஆபரேட்டர் வருகிறாள், அதற்குள் பம்பில் தண்டு வெளியே வரும் இடத்தில் கசிகிறதை நிறுத்த, அங்கே சுற்றி அடைத்திருக்கும் கயிற்றை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஃபிட்டரைப் பிடிக்க முடியவில்லை. நான் போனேன்.

பம்பு அறையில் அத்தானின் செருப்பு இன்னும் மூலையில் கிடந்தது. உள்ளே வெறுங்காலோடுதான் நடப்பாராம். பெரிய அதிகாரி பார்வையிட வரும் ஒவ்வொரு வருஷமும் அவரே பம்புக்கு ஒரு கோட் பச்சை பெயிண்ட் அடிப்பார். இருபத்திரண்டு கோட். போல்ட்டின் தலைகூட தெரியவில்லை. உளியை வைத்துச் சுரண்டினேன். பெயிண்ட் தேங்காய்ச் சிரட்டை கனத்தில் உதிர்ந்தது. போல்ட்டுக்குப் பக்கத்தில் இரும்பிலேயே வார்க்கப்பட்ட ஒரு மேடு கைக்குத் தட்டுப்பட்டது. இன்னும் சுரண்டினேன். அது ஒரு அம்புக்குறி.

அம்பு வலப்பக்கம் காட்டியது. எனக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. இருந்தாலும், சும்மா பார்ப்போமே என்று ஒரு நொடி சுவிட்சைப் போட்டு அணைத்தேன். மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற சக்கரம் மெதுவாகி மெதுவாகி ஓய்ந்தது. இடப்பக்கமாகச் சுற்றி ஓய்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். மறுபடியும் இடப்பக்கம். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறேனோ என்று சுற்றிப்போய் நின்று மூன்றாம் முறை போட்டேன். நம் பிழையை மறைக்க நம் கண்ணே எவ்வளவு பாடுபடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒளிய இடமில்லாமல் போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பட்டறைக்கு ஓடிப்போய் பம்பு கம்பெனி கொடுத்த பழைய கையேட்டைத் தேடி எடுத்தேன். அங்கே இரண்டே வரியில் போட்டிருக்கிறது. பம்புக்குள் இருக்கும் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை வெளிப்பக்கமாகத்தான் வீசும். அதனால் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் அதே குழாயில்தான் போகும், திரும்பி வராது. ஆனால் அந்தச் சக்கரத்தின் இதழ்கள் ஒரு பக்கத்துக்கென்று வளைத்தவை. மாறிச் சுற்றினால் அழுத்தமும் அளவும் பாதிக்குப் பாதி விழுந்துவிடும். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அள்ளுவது போலத்தான். ஒட்டிக்கொண்டு வருவது வரும், ஆனால் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எட்டாது. அந்தக் கையேடு எட்டு வருஷமாக என் அலமாரியில், வார்னிஷ் டப்பாவுக்கு அடியில் இருந்திருக்கிறது.

திரும்பி வந்து இரண்டு கம்பிகளைக் கழற்றி மாற்றி மாட்டினேன். நான்கு நிமிட வேலை. சுவிட்சைப் போட்டதும் அறை நிறைய ஒரே சீராக ஒரு இரைச்சல் எழுந்தது. முன்ன ஒரே சீரா இரையும் என்று அவர் சொன்ன சத்தம். இரண்டு மணி நேரம் அசையாமல் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். இரண்டு மணி நேரமும் ஐந்து நிமிஷமும் ஆனபோது தொட்டி வழிகிறது என்று மேலிருந்து ஆள் வந்து சொன்னான்.

மறுநாள் புது ஆபரேட்டர் வேலையில் சேர்ந்தாள். மேட்டுத்தெருக் குழாய்களில் தண்ணீர் கொட்டியது. பட்டறைக்கு வந்த ஒருவர் நான் அவர் மச்சான் என்று தெரியாமல், "பாத்தீங்களா, ஆள் போனான், தண்ணி வந்துருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். அன்று மட்டும் ஐந்து பேர் அதையே சொன்னார்கள். நான் சரி செய்ததே அவருக்குக் கடைசித் தீர்ப்பாகிவிட்டது. உயிரோடு இருந்தவரை அவர் திருடனாக இருக்கலாம் என்றுதான் ஊர் சொன்னது, இப்போது திருடன்தான் என்று சொன்னது.

மேற்பார்வையாளரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி வருதுல்ல? விட்டுடுங்க."

"லாக் புத்தகத்துல எழுதணும் சார். என் கையெழுத்துதான் அவர மாட்டிவிட்டுச்சு."

"எழுதுனா விசாரணை பண்ணவங்க எல்லாரும் பதில் சொல்லணும். நானும்தான். உங்க கடைக்கு இனிமே எங்க ஆபீஸ்லேருந்து ஒரு மோட்டார் வராது. போனவரு எழுந்து வரப்போறாரா, சொல்லுங்க."

"இல்ல."

"அப்புறம்?"

எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் மோட்டாருக்குக் காயில் சுற்றினேன். சுற்று எண்ணிக்கை மூன்று முறை தப்பியது. மூன்றாம் நாள், புது ஆபரேட்டர் வெளியே போயிருந்த நேரத்தில் லாக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைகளைத் துவைத்துக் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, நூல் போனதிலிருந்து அம்புக்குறி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

முடித்ததும் கேட்டாள். "அவரு உன்கிட்ட வந்து கேட்டாரா?"

"கேட்டாரு."

"திசை மாறியிருக்கான்னே கேட்டாரா?"

"ஆமா."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேங்க்கா."

அக்காவின் கை நின்றது. மடியில் இருந்த சட்டையின் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு சாயங்காலம் வந்து சாப்பிடாம உக்காந்திருந்தாரு. என்னன்னு கேட்டேன். மச்சான்கிட்ட கேட்டுட்டேன், மோட்டார்ல ஒண்ணும் இல்லன்னுட்டான், அவன் சொன்னா தப்பாது, அப்ப தப்பு என்கிட்டதான் எங்கயோ இருக்கு, கண்டுபிடிக்கணும்னாரு. மறுநாள்தான் அந்தப் படியேற ஆரம்பிச்சாரு."

எனக்கு அழுகைதான் வந்தது. நான் சொன்ன பிறகு ஒரு பேச்சுக்குக்கூட அவர் என்னைச் சந்தேகப்படவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், கம்பியை மாற்றிப் பாருடா என்று சட்டையைப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பார். அக்கா என்னை அழவிட்டாள். அழாதே என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"இத என்கிட்ட சொல்லி என்ன பண்ண?" என்றாள் கடைசியில். "எனக்கு அவரத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு. வண்டியில போகாத. நடந்து போ."

லாக் புத்தகத்தில், என் பழைய கையெழுத்துக்குக் கீழேயே, அந்த வரி பொய் என்றும் மோட்டாரைத் தலைகீழாகச் சுற்றும்படி மாட்டியது நான் என்றும் தேதி போட்டு எழுதினேன். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினேன். எண்பதாவது படியில் மூச்சு வாங்கியது. அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நூற்று நாற்பதாவது படியில் நிற்கவில்லை. நின்றால் மேலே போயிருக்க மாட்டேன்.

மேலே குழாயடியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். தையல்கார அம்மாளும் குடத்தோடு நின்றாள். புது ஆபரேட்டர் கைராசிக்காரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னேன். புத்தகத்தைத் திறந்து காட்டி, நடந்ததைச் சொன்னேன். கூட்டத்தின் முன் நான் வாய் குளறிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"செத்தவரு பேரக் காப்பாத்த மச்சினன் வந்து பழிய ஏத்துக்கிறாரு. நல்ல குடும்பம்" என்றார் ஒருவர். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பம்பு எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீர் வரும் என்பதை யாரும் ஏற்கவில்லை. "தலைகீழா சுத்துனா திரும்பிக் கிணத்துக்குல்ல போவும்" என்றான் ஒருவன். நான் சொன்ன அதே வார்த்தை. தையல்கார அம்மாள் மட்டும் புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாக அவர் கையெழுத்தைப் பார்த்தாள். பாதி, பாதி, பாதி என்று இருந்தது. ஒரு பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில், "மேட்டுத்தெருவில் குழந்தைகள் பள்ளிக்குக் குளிக்காமல் போகிறார்கள்" என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்திலேயே அவள் வெகுநேரம் நின்றாள். நிறைந்து வழிந்த அவள் குடத்தை யாரும் எடுக்கவில்லை. "அவரு என் வாசப்படியில வந்து நின்னு ஒரு வாய் தண்ணி கேட்டாரு. முதல்ல நீ கொண்டாந்து ஊத்து, நான் குடிக்கிறேன்னு சொன்னேன்" என்றாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

இறங்கி அக்கா வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தொண்டை காய்ந்து கிடந்தது. தண்ணீர் கேட்டேன். எந்த நாளும் அக்கா தன் கையால் மொண்டு கொடுப்பாள். அன்றைக்குப் பானை இருக்கிற இடத்தைக் கண்ணால் காட்டினாள். நானே எடுத்துக் குடித்தேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"ஒருத்தி நம்புனா. மத்தவங்க நம்பல."

அக்கா மடித்த சட்டைகளை அலமாரியில் அடுக்கினாள். கதவைச் சாத்தினாள்.

"அப்ப நாளைக்கும் போ" என்றாள்.

மறுநாளும் நடந்துதான் போனேன்.